மடக்கு வாக்கர்: மூட்டு ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குப் போகிறவர்களுக்கு எது சரிப்படும்?

முழங்கால் மூட்டு மாற்றிய பிறகு டிஸ்சார்ஜ் ஆகும்போது சர்ஜிக்கல் கடையில் பெரும்பாலும் எடுத்துத் தருவது சக்கரம் இல்லாத அலுமினிய மடக்கு வாக்கர். விலை அதிகமில்லை, எடை இரண்டு மூன்று கிலோ. நம் ஊர் வீடுகளுக்கு இதுவே போதும். டிஸ்சார்ஜ் அன்று அவசரமாக வாங்காமல், முந்தின நாளே வார்டுக்குக் கொண்டுவந்து பிசியோதெரபிஸ்ட் முன்னால் அளவு வைத்துவிடுங்கள்.

செருப்புடன் நிமிர்ந்து நின்று கைகளைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு மடிப்பு எங்கே வருகிறதோ, அதுதான் கைப்பிடியின் உயரம். பிடிக்கும்போது முழங்கை லேசாக மடங்கியிருக்கும், 15 முதல் 20 டிகிரி வரை. குட்டையாக இருந்தால் கூன் போட்டு நடப்பார்கள். உயரமாக இருந்தால் தோள் தூக்கிக்கொள்ளும், கையில் பலம் கொடுக்க முடியாது. நான்கு காலிலும் உயரத்தைப் பூட்டும் பட்டன் ஒரே வரிசை ஓட்டையில் 'டக்'கென்று முழுசாக வெளியே வந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். பாதியில் நிற்கும் பட்டன் உடம்பின் பாரம் இறங்கும்போது உள்வாங்கும், கால் குட்டையாகிவிடும்.

சில மாடல்களில் ஒரு விசையைத் தட்டினால் இடப்பக்கமும் வலப்பக்கமும் தனித்தனியாக நகரும். கடைக்காரர் அதைப் பெரிய வசதியாகச் சொல்வார். புதிதாக ஆபரேஷன் ஆனவருக்கு அது வேண்டாம், பூட்டியே வையுங்கள்.

முன்சக்கரம் வைத்தது, தூக்கி வைக்கத் தெம்பில்லாத முதியவர்களுக்கு உதவும். வழவழப்பான டைல்ஸில் நன்றாக ஓடும், நிலைப்படியில் முட்டி நிற்கும்.

இந்தப் பொருளின் பலவீனம் அடியில் இருக்கிற ரப்பர் புஷ். தேய்ந்து வரிகள் மறைந்தால் ஈரத் தரையில் வழுக்கும். உள்ளே இருக்கும் குழாய் ரப்பரைத் துளைத்துக்கொண்டு தரையைத் தொட்டால் கேட்கவே வேண்டாம். வாரம் ஒருமுறை தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். மாற்றும்போது பழையதைக் கையோடு எடுத்துப் போங்கள், குழாயின் தடிமன் மாடலுக்கு மாடல் மாறும்.

வாங்கும் முன் பாத்ரூம் கதவை அளந்துவிடுங்கள். பழைய வீடுகளில் இரண்டடிக் கதவு சகஜம்; நிலையும் திறந்த கதவும் போக மிஞ்சும் இடத்தில் வாக்கர் நேராக நுழையாமல் போகலாம். பக்கவாட்டில் அடி வைத்து நுழையும் முறையை ஆஸ்பத்திரியிலேயே பழகிக்கொள்ள வேண்டும். மடக்கிய வாக்கரைக் கைத்தடி மாதிரி ஊன்றவே கூடாது.

நடக்கும்போது முதலில் வாக்கர், பிறகு ஆபரேஷன் ஆன கால், பிறகு நல்ல கால். எழும்போது வாக்கரைப் பிடித்து இழுத்தால் அது நம் மேலேயே சாயும். நாற்காலிக் கையை அழுத்தித்தான் எழ வேண்டும். புடவையும் நைட்டியும் கணுக்காலுக்கு மேலே இருக்கட்டும். முன்கம்பியில் மஞ்சப்பை கட்டி போன், மாத்திரை போடலாம். தண்ணீர்ச் சொம்பு வேண்டாம், முன்பாரம் இழுக்கும்.

பலரும் சில வாரங்களில் கைத்தடிக்கு மாறிவிடுவதால் வாடகைக்கு எடுப்பதும் நல்ல யோசனைதான். நான்கு புஷ்ஷையும் புதிதாகப் போட்டுத் தரச் சொல்லி வாங்குங்கள்.