சார்லி கிடைச்சுட்டான், அப்புறம்?

12 வயசுல அழுது அழுது படிச்ச புக்க 37 வயசுல திரும்ப வாங்கி படிச்சேன். பெட்ஸி பையர்ஸ் எழுதுன 'தி சம்மர் ஆஃப் த ஸ்வான்ஸ்'. 1970ல வந்தது, 1971ல அமெரிக்கால குழந்தைங்க புக்குக்கு தர்ற பெரிய விருதான நியூபெரி மெடல் வாங்குச்சு. சின்ன புக்குதான், ஒரே உட்காரல்ல முடிச்சிடலாம். எனக்கு மட்டும் மூணு நாள் ஆச்சு, காரணம் கீழ.

கதை தெரியாதவங்களுக்கு: அமெரிக்கால வெஸ்ட் வர்ஜீனியா, சாராக்கு 14 வயசு, தம்பி சார்லிக்கு 10. மூணு வயசுல வந்த காய்ச்சல்ல அவனுக்கு மூளை பாதிச்சு பேச்சு போயிடுச்சு. அம்மா இல்ல, அப்பா வேற ஸ்டேட்ல வேலை, வில்லி ஆன்ட்டிதான் வளக்குறாங்க. ஏரிக்கு அன்னங்கள் வந்திருக்குன்னு சாரா தம்பிய கூட்டிட்டு போய் காட்டுறா, அவனுக்கு அங்கருந்து கிளம்பவே மனசில்ல, அன்னிக்கு ராத்திரி பைஜாமாவோட அன்னத்த தேடி கிளம்பி காட்டுல தொலைஞ்சு போறான். அடுத்த நாள் முழுக்க தேடல். அவ்ளோதான் கதை.

எனக்கு இது ஏன் அவ்ளோ புடிச்சுதுன்னா என் தம்பியும் பேச மாட்டான். அந்த வயசுல நான் படிச்ச மத்த கதைல எல்லாம் இந்த மாதிரி பசங்களோட அக்கா ஒண்ணு தேவதையா இருப்பா, இல்லன்னா கடைசில அழுது திருந்துற கொடுமைக்காரியா இருப்பா. சாரா ரெண்டும் இல்ல. தம்பிய யாராவது ஒரு வார்த்தை சொன்னா தோட்டத்து ஹோஸ எடுத்து மேல தண்ணிய அடிப்பா, அதே சாரா அவன் கால தேச்சுக்கிட்டே இருக்குற சத்தம் கேட்டு எரிச்சலாவா, தன் பெரிய பாதத்த நெனச்சு அழுவா, ஆரஞ்சு கலர் ஷூக்கு நீல சாயம் போடப்போய் கன்றாவி கலர் வந்துச்சேன்னு புலம்புவா. பாசமும் இருக்கலாம் சலிப்பும் வரலாம், ரெண்டும் ஒரே நாள்ல வரலாம்னு ஒரு புக்குல அச்சடிச்சு பாத்தப்போ எனக்கு மூச்சு லேசாச்சு. இப்பவும் அந்த பக்கங்கள் அப்படியே நிக்குது, ஒரு வரி கூட பழசாகல.

அப்போ படிக்கிறப்ப சார்லி காட்டுல தனியா இருக்குற சேப்டர் எல்லாத்தையும் தாண்டிட்டு அவன் கிடைச்ச பக்கத்த தேடி முதல்ல படிச்சுட்டேன், மனசு தாங்கல. இந்த தடவ அங்கதான் ரொம்ப நேரம் இருந்தேன், மூணு நாள் ஆனதே இதனாலதான். பையர்ஸ் அவன் தலைக்குள்ள போய் எழுதுறாங்க. அவனுக்கு மணி பாக்க தெரியாது, ஆனா கையில கட்டியிருக்குற வாட்ச்ச காதுல வச்சு டிக் டிக் கேட்டா போதும், உலகம் ஒழுங்கா இருக்குன்னு அர்த்தம். அந்த வாட்ச் காட்டுல நின்னு போகுது. இருட்டோ பசியோ விட அதுதான் அவன உடைக்குது. என் தம்பிக்கு டார்ச்சு, ஆன் ஆஃப் ஆன் ஆஃப், பேட்டரி தீந்தா அன்னிக்கு வீடு வீடா இருக்காது. 'பாவம் புள்ள'ன்னு தலைய தடவாம அவன் பக்கத்துலருந்து ஒருத்தங்க அந்த காலத்துலயே எழுதியிருக்காங்க, அதுக்கே மெடல் தரலாம்.

இப்ப குறை. ஜோ மெல்பின்னு ஒரு பையன் வருவான், முன்னாடி ஒரு தடவ சார்லியோட வாட்ச்ச திருடுனது அவன்தான்னு சாரா வெறுத்துக்கிட்டே இருப்பா, அப்புறம் உண்மை தெரிஞ்சு, சேந்து தேடி, கடைசில அவன் பார்ட்டிக்கு கூப்பிடுவான். 12 வயசுல இது செம்ம. இப்போ படிச்சா, தம்பி தொலைஞ்சதே அக்கா பக்குவமாகவும் அவளுக்கு ஒரு பையன் கிடைக்கவும்தானோன்னு தோணுது. சார்லிய கண்டுபுடிச்ச அன்னிக்கு சாயங்காலமே நம்ம கவனம் எல்லாம் பார்ட்டி மேல போயிடுது, அவன் பின்னாடி சீட்டுக்கு போயிடுறான்.

அப்பறம் அந்த அப்பா. சின்ன வயசுல அவரு ஒருத்தர் இருந்ததே எனக்கு ஞாபகம் இல்ல. கடைசில சாரா வாழ்க்கைய பெரிய மாடிப்படி மாதிரி கற்பனை பண்றா, அதுல அவங்கப்பா அடிப்படியிலயே ஏற முயற்சி பண்ணாம உட்காந்திருக்காரு. இத எப்படி அப்போ தாண்டி போனேன்னே தெரியல. வில்லி ஆன்ட்டியோ சார்லிய ஆயுசுக்கும் பாத்துக்குறேன்னு அவங்கம்மாக்கு வாக்கு குடுத்தவங்க. ஆயுசுக்கும்னா யாரோட ஆயுசுக்கு? ஆன்ட்டிக்கு அப்புறம் யாரு? புக்கு அத கேக்கவே இல்ல, ஆனா வீட்டுல இப்படி ஒரு தம்பி இருக்குற யாரும் கேக்காம புக்க மூட முடியாது. 1970ல 10 வயசுன்னா இன்னிக்கு சார்லிக்கு 60 தாண்டியிருக்கும். அந்த கணக்க போட்டு பாத்துட்டு அன்னிக்கு மேல படிக்கல.

குழந்தைங்களுக்கு குடுக்குறவங்க ஒரு விஷயம் கவனிங்க, மூளை வளர்ச்சி குறைஞ்சவங்கள சொல்ற, இப்ப அவமானமா பாக்குற 'ரிடார்டட்'ங்கற வார்த்தை உள்ள வரும். அப்போ அது சாதாரண வார்த்தை, அமெரிக்கா அத மத்திய சட்டங்கள்லருந்து எடுக்கவே 2010 ஆச்சு. இந்த மாதிரி பசங்களுக்கும் அரசு பள்ளிக்கூடம் பாடம் சொல்லி குடுத்தே ஆகணும்ங்கற சட்டமே 1975லதான் வந்துச்சு, அதாவது இந்த புக்குக்கு அப்புறம். இத ரெண்டு வரில சொல்லிட்டு குடுத்தா போதும், ஒளிச்சு வைக்க வேண்டியதில்ல.

5க்கு 4 ஸ்டார். அந்த ஒரு ஸ்டார் பார்ட்டிக்காக குறைச்சது. 10 வயசுலருந்து படிக்கலாம். அண்ணன் பொண்ணுகிட்ட குடுத்தேன், நாலு நாளா வில்லி ஆன்ட்டி பயந்துக்கிட்டே ஸ்கூட்டர்ல ஏறுனத பத்திதான் பேசிட்டிருக்கா, சார்லி பத்தி இன்னும் வாயே தொறக்கல. நானும் கேக்கல.