லைஃப் கோச்சா, உளவளத்துணையாளரா?

கல்முனையிலும் மட்டக்களப்பிலும் சில இளைஞர்கள் ஸூமில் லைஃப் கோச்சிடம் கதைக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் அவரிடம் எதை எதிர்பார்க்கலாம் என்று தெரிந்துகொண்டு காசைக் கட்டுங்கள்.

கோச் பழைய காயத்தைக் கிளறமாட்டார். மூன்று மாதத்தில் எங்கே நிற்க வேண்டும் என்றுதான் தொடங்குவார். வேலை மாறுவதா, தையல் கடையைப் பெரிதாக்குவதா, அதற்கு இந்தக் கிழமை என்ன செய்வீர்கள் என்று கேட்பார். அடுத்த கிழமை, செய்தீர்களா என்றும் கேட்பார். விடையை அவர் தரமாட்டார், உங்களிடமிருந்தே எடுப்பார். ஒத்துக்கொண்டதைச் செய்யாவிட்டால் கட்டிய காசு வீண்தான். அப்புறம், லைஃப் கோச் என்று யாரும் பெயர்ப்பலகை போடலாம். அதனால் எங்கே பயின்றார், என்ன சான்றிதழ் வைத்திருக்கிறார் என்று கேட்கத் தயங்காதீர்கள்.

உளவளத்துணை, அதாவது கவுன்சலிங், வேறு. நித்திரை இல்லை, அழுகை நிற்கவில்லை, 2004 சுனாமியில் பறிகொடுத்தவர்களின் நினைவு இன்னும் அமுக்குகிறது என்றால் கோச்சிடம் போகவே வேண்டாம். பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தரைக் கேளுங்கள், காசில்லை. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் உளநலப் பிரிவும் உண்டு. இரவில் தாங்கமுடியவில்லையென்றால் தேசிய உளநல உதவித் தொலைபேசி இலக்கமான 1926 க்கு எடுங்கள்.