பிசிஓஎஸ் சப்ளிமென்ட்டை மாதக்கணக்கில் எடுத்தால் தைராய்டு ரிப்போர்ட் என்ன ஆகும்?

பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை) உள்ளவர்களுக்கான கலவை மாத்திரைகளை இரண்டு வாரம் எடுத்துவிட்டு எழுதும் விமர்சனங்களில் தைராய்டு பேச்சே வராது. இரண்டு மாதம் கழித்து ரத்தம் கொடுக்கும்போதுதான் சங்கதி தெரியும். டிஎஸ்எச் (தைராய்டை வேலை செய்யத் தூண்டும் ஹார்மோன்) ஏறியோ இறங்கியோ வந்தால், லெவோதைராக்சின் என்ற தைராய்டு மாத்திரையின் டோஸை மாற்றும் முன் சப்ளிமென்ட் டப்பாவைத் திருப்பிப் பார்ப்பது நல்லது. சுரப்பியே மாறியிருக்கலாம், தைராய்டு மாத்திரை உடம்பில் சேராமல் போயிருக்கலாம், அல்லது லேப் எண் மட்டும் தப்பாக வந்திருக்கலாம். ஆளை அதிகம் ஏமாற்றுவது கடைசிதான்.

அந்தத் தப்பான எண்ணுக்குக் காரணம் பயோட்டின் என்ற பி வைட்டமின். முடி கொட்டுதலுக்கென்று இந்தக் கலவைகளில் சேர்ப்பார்கள். ஒரு நாளைக்குப் போதுமான அளவு 30 மைக்ரோகிராம். ஆனால் 'முடி, தோல், நகம்' மாத்திரைகளில் 5,000, 10,000 மைக்ரோகிராம் என்று இருக்கும். சில லேப் கருவிகள் பயோட்டினும் ஸ்ட்ரெப்டாவிடின் என்ற புரதமும் ஒட்டிக்கொள்ளும் தன்மையை வைத்தே ஹார்மோனை அளக்கின்றன. ரத்தத்தில் மிதக்கும் பயோட்டின் அந்த இடங்களைப் பிடித்துக்கொண்டால், டிஎஸ்எச் உண்மையைவிடக் குறைவாகவும், தைராய்டு ஹார்மோன்களான டி3, டி4-ஐக் காட்டும் எஃப்டி3, எஃப்டி4 கூடுதலாகவும் வரும். பார்க்க அச்சு அசலாக ஹைப்பர்தைராய்டு (தைராய்டு அளவுக்கு மீறிச் சுரக்கும் நிலை) ரிப்போர்ட். ஆளுக்கோ கை நடுக்கமில்லை, படபடப்பில்லை, எடையும் இறங்கவில்லை. இப்படி ரிப்போர்ட்டும் உடம்பும் ஒத்துப்போகாவிட்டால் முதல் சந்தேகம் பயோட்டின் மேல்தான் வர வேண்டும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2017-லேயே இதுபற்றி எச்சரித்திருக்கிறது. சோதனைக்குக் குறைந்தது 2 நாள் முன்பே பயோட்டினை நிறுத்த வேண்டும். டோஸ் அதிகமென்றால் இன்னும் முன்னதாக நிறுத்தி, லேபிலும் சொல்லிவிடுங்கள்.

அடுத்தது உறிஞ்சுதல் சிக்கல். இரும்பு, கால்சியம், மெக்னீசியம் எல்லாம் குடலிலேயே லெவோதைராக்சினைப் பிடித்துவைத்துக்கொள்ளும். பிசிஓஎஸ் கலவைகளில் அடிக்கடி வரும் குரோமியம் பிகோலினேட்டும் உறிஞ்சுதலைக் குறைக்கும். அதனால் தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, காபிக்கும் காலை உணவுக்கும் 30 முதல் 60 நிமிடம் இடைவெளி விட வேண்டும். தாது உப்பு உள்ள எதையும் 4 மணி நேரம் கழித்தே தொட வேண்டும். காலையில் சரிப்படவில்லை என்று தைராய்டு மாத்திரையைப் படுக்கும் நேரத்துக்கு மாற்றுபவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: தூக்கத்துக்கென்று போடும் மெக்னீசியமும் அதே நேரத்தில்தான். அதை மதிய உணவோடு போடுங்கள்.

பிசிஓஎஸ் கலவைகளில் வரும் சர்க்கரை போன்ற சத்தான மயோ-இனோசிடால் விஷயத்தில் எங்கள் மதிப்பீடு நல்லதே. வழக்கமான டோஸ் 2 கிராம் வீதம் தினம் இரண்டு வேளை. இனோசிடாலின் இன்னொரு வகையான டி-கைரோவோடு 40:1 விகிதத்தில் சேர்த்தும் வரும். டிஎஸ்எச் தரும் கட்டளையைத் தைராய்டு செல்லுக்குள் கடத்துவதில் இனோசிடாலுக்கும் பங்கு உண்டு. 600 மில்லிகிராம் மயோ-இனோசிடாலை 83 மைக்ரோகிராம் செலினியம் என்ற தாதுவோடு கொடுத்த சிறிய ஆய்வுகளில் டிஎஸ்எச் கொஞ்சம் இறங்கியது. மருந்துக்கு மாற்றாக நினைக்கும் அளவுக்கு இல்லை. ஏற்கெனவே லெவோதைராக்சின் எடுப்பவர்கள் இதைத் தொடங்கி 6 முதல் 8 வாரத்தில் ஒருமுறை சோதித்தால் போதும். அதற்கு முன் பார்ப்பது வீண், எண் நிலைப்பட்டிருக்காது.

அஷ்வகந்தாவுக்கு அந்த நல்ல பெயரைக் கொடுக்க முடியாது. அது டி3, டி4-ஐ ஏற்றக்கூடும். ஹைப்பர்தைராய்டு அறிகுறிகளோடு வந்தவர்களைப் பற்றிய மருத்துவப் பதிவுகளும் உண்டு. கல்லீரல் பாதிப்பும் பதிவாகியிருக்கிறது. ஹைப்பர்தைராய்டு உள்ளவர்கள் தொடவே கூடாது. கலவையில் 'மன அழுத்தம்' என்ற பெயரில் ஒளிந்திருக்கும், லேபிளைத் தேடிப் படியுங்கள்.

கெல்ப் (அயோடின் நிறைந்த கடல் பாசி) மாத்திரை வேண்டவே வேண்டாம். அயோடின் தேவை நாளுக்கு 150 மைக்ரோகிராம்தான். கெல்ப்பில் எவ்வளவு இருக்கும் என்பது டப்பாவுக்கு டப்பா மாறும். அளவு மீறினால், குறிப்பாக ஹாஷிமோட்டோ (உடம்பின் எதிர்ப்பு சக்தியே தைராய்டைத் தாக்கும் நோய்) இருந்தால், சுரப்பி வேலையையே குறைத்துவிடும். செலினியத்திலும் அளவு மீறக் கூடாது: இரண்டு மூன்று டப்பாக்களில் உள்ளதைக் கூட்டிப் பாருங்கள். முடி கொட்டுதல், நகம் உடைதல், வாயில் பூண்டு வாடை வந்தால் அளவு மீறிவிட்டது என்று பொருள். முடிக்காக எடுத்தது முடியையே கொட்ட வைப்பது இப்படித்தான்.

இனோசிடால் வேலை செய்தால் கருமுட்டை வெளிவரத் தொடங்கும், கர்ப்பமும் தரிக்கலாம். கர்ப்பத்தில் லெவோதைராக்சின் தேவை கால் பங்குக்கு மேல் கூடுவது வழக்கம், அதுவும் முதல் வாரங்களிலேயே. மாதவிடாய் தள்ளிப்போனால் வீட்டிலேயே கர்ப்பச் சோதனை செய்து, உறுதியானால் அன்றே மருத்துவரைக் கூப்பிட்டு டோஸ் கேளுங்கள். அஷ்வகந்தாவை அதே நாளில் நிறுத்திவிட்டு, மற்ற டப்பாக்களின் லேபிளைப் படமெடுத்து அவருக்கே அனுப்பிவிடுங்கள்.