ஏலக்காய் ஆபீஸிலிருந்து பைத்தான்: என்பிடெல் கோர்ஸில் சேரலாமா?

குமுளியில் ஒரு ஏலக்காய் வியாபார ஆபீஸில் கணக்கு எழுதுகிறேன். பள்ளிப்படிப்பு முழுக்கத் தமிழ்வழி, அப்புறம் பி.காம். மத்திய அரசின் இலவச இணையக் கல்வித் தளமான ஸ்வயத்தில் என்பிடெல் நடத்தும், பைத்தான் என்ற கம்ப்யூட்டர் நிரல்மொழியைக் கற்றுத்தரும் ‘தி ஜாய் ஆஃப் கம்ப்யூட்டிங் யூசிங் பைத்தான்’ என்ற 12 வாரக் கோர்ஸை முடித்துச் சான்றிதழும் வாங்கிவிட்டேன். வண்டிப்பெரியாறு, கம்பம், கூடலூர் பக்கத்துத் தம்பி தங்கைகள் “அக்கா, அதில் சேரலாமா, அல்லது காசு கொடுத்து ஏதாவது ஆப் வாங்கலாமா?” என்று கேட்கிறார்கள். என் பதில்: தாராளமாகச் சேருங்கள். ஆனால் தேர்வுக் கட்டணம் கட்டி, ஹாலில் போய் உட்கார்ந்து எழுதுவதாக இருந்தால் மட்டும் சேருங்கள். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் விவரம் தெரியாதவர்களுக்கு. என்பிடெல் என்பது ஐ.ஐ.டி.க்களும் பெங்களூரு ஐ.ஐ.எஸ்சி.யும் சேர்ந்து 2003இல் தொடங்கிய திட்டம். வெறும் வீடியோவாக இருந்தது, 2014இலிருந்து தேர்வு, சான்றிதழ் என்று வளர்ந்தது. ஸ்வயம் தளம் வந்தது 2017 ஜூலையில். பாடம் பார்க்க, அசைன்மென்ட் போட ஒரு பைசா வேண்டாம். சான்றிதழ் வேண்டுமென்றால் மட்டும் தேர்வுக்கு 1,000 ரூபாய். பட்டியல் இனத்தவருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அதிலும் சலுகை உண்டு. காலேஜில் படிக்கிறவர்களுக்கு இன்னொரு லாபம்: யு.ஜி.சி.யின் 2021ஆம் ஆண்டு விதிப்படி, ஒரு செமஸ்டரில் 40 சதவீதம் வரையிலான கிரெடிட்டை ஸ்வயம் கோர்ஸ்களிலிருந்து எடுத்துக்கொள்ளக் கல்லூரிகள் அனுமதிக்கலாம். உங்கள் கல்லூரி ஒத்துக்கொள்கிறதா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

இனி கோர்ஸுக்கு வருகிறேன். நடத்துபவர் ஐ.ஐ.டி. ரோப்பரைச் சேர்ந்த பேராசிரியர் சுதர்சன் ஐயங்கார். கம்ப்யூட்டர் பாடமே எடுக்காத பி.காம். ஆளுக்கும் புரிகிற மாதிரி, ‘ஸ்க்ராட்ச்’ என்ற விளையாட்டு மென்பொருளில் ஆரம்பித்து மெல்ல பைத்தானுக்கு நடத்திக்கொண்டு போகிறார். ஒவ்வொரு விஷயத்துக்கும் ஒரு விளையாட்டோ புதிரோ வைத்திருக்கிறார். பரமபதம் வருகிறது. பள்ளிக்கூட நோட்டின் கடைசிப் பக்கத்தில் பெயர்களை அடித்து அடித்து விளையாடுவோமே, அந்த ஃப்ளேம்ஸ் கூட வருகிறது. அதை நிரலாக எழுதி முடிக்கும்போது நிரலின் அடிப்படைகளான லிஸ்ட், லூப், கண்டிஷன் எல்லாம் கைக்கு வந்துவிடுகிறது. கற்பிக்கும் முறையில் நான் பார்த்தவற்றில் இதுதான் மேல்.

எனக்கு மிகவும் பிடித்தது, பலர் சேர்ந்து மதிப்பிடுவதைப் பற்றிய பாடம். ஒரு ஜாடியில் எத்தனை மிட்டாய் என்று நிறையப் பேரைக் கேட்க வேண்டும். ரொம்பக் குறைவாகவும் ரொம்ப அதிகமாகவும் சொன்னவர்களை இரண்டு பக்கமும் தள்ளிவிட்டு மீதியைச் சராசரி எடுத்தால், விடை உண்மையை நெருங்கிவிடும். ஆபீஸில் உடனே செய்து பார்த்தேன். சாம்பிள் காயை ஒரு கண்ணாடி டம்ளர் நிறையப் போட்டு மேஜையில் வைத்து, எத்தனை காய் என்று எல்லோரையும் கேட்டேன். தரம் பிரிக்கும் அக்காமார், லோடு இறக்கும் அண்ணன்மார், எதிர்க்கடைச் சேட்டன் என்று எல்லோரும் ஆளுக்கொரு எண் சொன்னார்கள். காயைக் கையில் அள்ளியதுமே எட்டு மில்லிமீட்டர் பருமனுள்ள காய் எவ்வளவு தேறும் என்று சொல்லிவிடுகிற ஒரு மூத்த அக்கா மட்டும் எண்ணிக்கைக்கு மிக அருகில் வந்தார். மற்ற எல்லோரையும் விட, நிரல் கொடுத்த சராசரிதான் நெருங்கி இருந்தது. அன்றிலிருந்து ஆபீஸில் யாரும் என்னை “கம்ப்யூட்டர் படிச்சு என்ன ஆகப்போகுது” என்று கேட்பதில்லை.

வேலைக்கும் உதவுகிறது. புற்றடியிலும் போடியிலும் ஸ்பைசஸ் போர்டின் (மத்திய அரசின் நறுமணப் பொருள் வாரியம்) மின்னணு ஏலக்காய் ஏலம் நடக்கிறது. வியாபாரிகள் திரையைப் பார்த்து விலை ஏற்றுகிறார்கள். லாட் வாரியாக, அதாவது ஏலத்துக்கு வைக்கும் ஒவ்வொரு தொகுதிக்கும், எடை, விலை எல்லாம் எங்கள் கைக்கு வந்துவிடும். இதில் சராசரி விலை போடுவதில்தான் புதிதாக வருகிறவர்கள் தடுமாறுவார்கள். 100 கிலோ லாட் ஒன்று கிலோ 2,400 ரூபாய்க்கும், 20 கிலோ லாட் ஒன்று 2,900 ரூபாய்க்கும் போனால் சராசரி 2,650 ஆகாது. எடையோடு பெருக்கி, கூட்டி, மொத்த எடையால் வகுத்தால் 2,483 ரூபாய் சொச்சம் வரும். எத்தனை லாட் இருந்தாலும் இதைச் செய்ய, ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் ஒரு ஃபார் லூப் போதும். மூன்றாவது நான்காவது வாரத்திலேயே இதை எழுதிவிடலாம். எக்செலில் செய்ய முடியாதா என்றால் முடியும். ஆனால் நாமே வரி வரியாக எழுதியது ஓடும்போது கணக்கே வேறு தெளிவில் புரிகிறது.

அசைன்மென்ட் வாரம் ஒன்று. எனக்குப் புதன் இரவு 11.59தான் கெடு. பன்னிரண்டில் நன்றாகச் செய்த எட்டை மட்டும் எடுத்து 25 மதிப்பெண்ணுக்குக் கணக்கிடுவார்கள். மீதி 75 தேர்வுக்கு. அசைன்மென்ட்டில் 25க்கு 10, தேர்வில் 75க்கு 30, இரண்டும் தனித்தனியாக எடுத்தால்தான் சான்றிதழ். நிரல் எழுதும் அசைன்மென்ட்டைத் தளத்திலேயே எழுதிச் சமர்ப்பிக்கலாம், போட்டதும் சரியா தவறா என்று காட்டிவிடும். போனில் வீடியோ பார்ப்பது சுலபம், நிரல் எழுதுவது கண்ணுக்கும் கைக்கும் வேதனை. பழைய லேப்டாப் ஒன்று கடன் வாங்கியாவது வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் மழை தெரிந்ததுதான். ஆனி ஆடியில் கரண்டும் போகும், நெட்டும் போகும். வீடியோக்களைப் பகலிலேயே டவுன்லோடு செய்து வைத்துக்கொண்டால் ராத்திரி பார்க்கலாம். எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்பான லயங்களில் டவரே எட்டாத இடங்களில் இருப்பவர்கள், 2017இலேயே வந்த ஸ்வயம் பிரபா டி.டி.ஹெச். சேனல்களையும் தெரிந்து வைத்திருப்பது நல்லது. என்பிடெல் பாடங்கள் டி.வி.யிலும் ஓடுகின்றன என்பதே இங்கே பலருக்குத் தெரியாது.

இனி ஏ.ஐ. விஷயம். இதைப் பற்றிப் பேசாமல் இன்றைக்கு எந்த ஆன்லைன் படிப்பையும் மதிப்பிட முடியாது. 2022 நவம்பர் கடைசியில் சாட்ஜிபிடி வந்தது. 2024 அக்டோபரில் தன் ஏ.ஐ.யான ஜெமினியின் குரல்வழி வசதியான ஜெமினி லைவில் தமிழ் உட்பட இந்திய மொழிகளில் பேசவே முடியும் என்று கூகுள் அறிவித்தது. தமிழ்வழியில் படித்த எனக்கு இது கிடைத்தற்கரிய துணை. நிரல் ஓடாமல் சிவப்பு எழுத்தில் ஏதோ வந்து நிற்கும். அதை அப்படியே ஒட்டி, “விடையைச் சொல்லாதே, எந்த வரியில் என்ன சிக்கல் என்று மட்டும் தமிழில் சொல்” என்று கேட்பேன். எத்தனை முறை கேட்டாலும் அலுக்காமல் சொல்லும். ராத்திரி பத்து மணிக்கு இந்த மலைமேல் பைத்தான் தெரிந்த ஆளை எங்கே தேடுவது? புரியாத பாடத்தைத் தமிழில் விளக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு ஆங்கில வீடியோவைத் திரும்பப் பார்த்தால் பாதி பாரம் குறைந்துவிடும்.

ஆனால் அதே ஏ.ஐ.யிடம் முழு அசைன்மென்ட்டையும் கொடுத்தால் ஒரு நிமிஷத்தில் போட்டுக் கொடுத்துவிடும். பாதிப் பேர் அதைத்தான் செய்கிறார்கள். இதனால்தான் வீட்டிலிருந்தே வாங்குகிற சான்றிதழ்களின் மதிப்பு இறங்கிக்கொண்டு வருகிறது. வீடியோவை ஓடவிட்டு, கடைசியில் பட்டனை அழுத்தினால் வருகிற சான்றிதழை வேலை கொடுக்கிறவர்கள் புரட்டிக்கூடப் பார்ப்பதில்லை. என்பிடெல்லில் நூற்றுக்கு 75 மதிப்பெண் ஹாலில் இருக்கிறது. அடையாள அட்டையைக் காட்டி உள்ளே போய், கண்காணிப்பாளர் முன்னால் மூன்று மணி நேரம் எழுத வேண்டும். ஒரு சின்ன நிரலைக் கொடுத்து என்ன விடை வரும் என்று கேட்கிற கேள்விகளை, சொந்தமாக எழுதிப் பழகாதவர் தொடவே முடியாது. நான் மதுரை சென்டரில் காலை 9 மணித் தேர்வு எழுதினேன். இங்கிருந்து தேனி வழியாகப் போய்ச் சேரவே அரை நாள் ஆகும் என்பதால் முந்தின நாளே போய்த் தங்கினேன். அலைச்சல்தான், செலவுதான். ஆனாலும் அந்த அலைச்சலில்தான் இந்தச் சான்றிதழின் பெறுமானமே இருக்கிறது. ஆன்லைன் படிப்புக்கு ஆன்லைன் தேர்வே போதும் என்று வாதாடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

தனியார் ஆப் பற்றியும் கேட்டீர்கள். எங்களுக்குத் தெரிந்த எஸ்டேட் குடும்பம் ஒன்றில் ஆறாவது படிக்கும் பிள்ளைக்காக ஒரு கம்பெனியின் டேப்லெட்டை மாதத் தவணையில் வாங்கினார்கள். பிள்ளை தமிழ்வழி, பாடமெல்லாம் ஆங்கிலத்தில். திருப்பிக் கொடுக்கப் போனால் போனை எடுக்க ஆளில்லை, தவணை மட்டும் கணக்கிலிருந்து போய்க்கொண்டே இருந்தது. அந்த அக்கா கொழுந்து பறித்துச் சம்பாதித்த பணம் அது. கொரோனா நேரத்தில், 2020 ஜூனில், கேரள அரசு கைட் விக்டர்ஸ் என்ற கல்விச் சேனல் வழியாக நடத்திய ‘ஃபர்ஸ்ட் பெல்’ வகுப்புத் திட்டத்தில் தமிழ்வழிப் பிள்ளைகளுக்கும் இலவசமாக வகுப்புகள் வந்ததே! தமிழ்நாட்டுப் பாடப்புத்தகத்தில் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தால் பாடம் வருகிறதே! பள்ளிப் பிள்ளைக்கு இவையெல்லாம் இருக்கும்போது கடன் வாங்கி ஆப் வாங்காதீர்கள். விற்க வருகிறவர் எவ்வளவு இனிமையாகப் பேசினாலும், முதலில் பாடம் எந்த மொழியில் என்று கேளுங்கள். அடுத்து, வேண்டாம் என்றால் பணம் எப்போது திரும்பும் என்பதை எழுத்தில் கேளுங்கள்.

என்பிடெல்லில் எனக்கு இருக்கும் ஒரே பெரிய மனக்குறை மொழி. பல கோர்ஸ்களுக்குப் பாடத்தின் எழுத்துப் பிரதியைத் தமிழ் உட்பட இந்திய மொழிகளில் தருகிறார்கள். நல்ல விஷயம், எடுத்துப் படியுங்கள். ஆனால் இந்தக் கோர்ஸின் வினாத்தாள் ஆங்கிலத்தில்தான். நீட் தேர்வை 2017 முதல் தமிழில் எழுதலாம், ஜே.இ.இ. மெயினை 2021 முதல் எழுதலாம். அண்ணா பல்கலைக்கழகம் 2010இலேயே சிவிலும் மெக்கானிக்கலும் தமிழ்வழியில் தொடங்கியது. அப்படியிருக்க, ஊர் உலகத்துக்கெல்லாம் கதவைத் திறந்துவிட்ட ஒரு திட்டம், கேள்வியை மட்டும் இரண்டு மொழியில் அச்சிடக் கூடாதா? பைத்தான் வரிகள் எப்படியும் ஆங்கிலம்தான், அதில் யாருக்கும் சிரமமில்லை. ‘கீழ்க்கண்டவற்றில் எது தவறானது’ என்ற ஒரு வரியைத் தமிழில் கொடுத்தால் தேவிகுளத்திலும் பீருமேட்டிலும் படிக்கிற எத்தனையோ பிள்ளைகள் பயமில்லாமல் எழுதுவார்கள்.

சேருகிறவர்களுக்கு ஒரு விஷயம். கோர்ஸ் ஜூலையிலும் ஜனவரியிலும் தொடங்கும். ஏலக்காய் வேலையில் இருப்பவர்களுக்கு ஜூலைப் பருவம் ஒத்துவராது. காய் எடுப்பு மும்முரமாகி, ராத்திரி வரை ஆபீஸில் இருக்க வேண்டி வரும். ஜனவரியில் சேர்ந்தால் சீசன் ஓய்கிற நேரம், தேர்வும் ஏப்ரல் வாக்கில் வரும். தேர்வுக்குப் பணம் கட்டும் கடைசி நாள் கோர்ஸ் நடந்துகொண்டிருக்கும்போதே முடிந்துவிடும், அதைக் காலண்டரில் குறித்து வையுங்கள். ஊரைத் தேர்ந்தெடுக்கும்போது மதுரையா கேரளப் பக்கமா என்பதைப் பஸ் வசதியைப் பார்த்து முடிவு செய்யுங்கள். சென்டரில் இடம் நிரம்பிவிட்டால் வேறு ஊருக்குத்தான் போக வேண்டும், அதனால் பதிவு திறந்ததுமே போட்டுவிடுங்கள்.