வெள்ளியைப் படமெடுக்க எந்த ஃபில்டர்?

தொலைநோக்கியில் வெள்ளியின் பிறை அழகாகத் தெரியும், மேகம் தெரியாது. சாதாரண ஒளியில் எவ்வளவு நல்ல கேமராவை மாட்டினாலும் பளீரென்ற வெள்ளைத் தட்டுதான் கிடைக்கும். மேகம் வேண்டுமென்றால் புற ஊதா, ஊதா, அகச்சிவப்பு மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

என் ஓட்டு புற ஊதாவுக்கு. 350 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய ஒளியை மேல் மேகங்களில் உள்ள ஏதோ ஒரு பொருள் விழுங்குகிறது. அது என்னவென்று விஞ்ஞானிகளே இன்னும் அறுதியிடவில்லை. அதனால்தான் கரும்பட்டைகளும், படுக்கவைத்த ஒய் எழுத்து போன்ற வடிவமும் படத்தில் வருகின்றன. இன்று எடுத்ததையும் 4 நாள் கழித்து எடுத்ததையும் பக்கத்தில் வைத்தால் அதே பட்டைகள் ஏறக்குறைய அதே இடத்துக்குத் திரும்பியிருக்கும். இந்த 4 நாள் சுழற்சியை 1957-இல் கண்டுபிடித்த ஷார்ல் புவாயே ஓர் அமெச்சூர் என்பதை நினைத்தாலே உற்சாகம் வருகிறது.

ஆனால் இந்த ஃபில்டர் உங்கள் கருவியையும் சோதிக்கும். கண்ணாடி லென்ஸ்கள் புற ஊதாவை விழுங்கும். பிம்பத்தைப் பெரிதாக்கப் போடும் பார்லோ லென்ஸ்கள் பலவும் அப்படித்தான். 20 செ.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட விட்டமுள்ள நியூட்டோனியனும் (லென்ஸுக்குப் பதில் ஆடி கொண்ட தொலைநோக்கி) மோனோ (கறுப்பு-வெள்ளை) கேமராவும் இருந்தால் தயங்காமல் வாங்கலாம்.

சிறிய தொலைநோக்கியா? அப்படியென்றால் ராட்டன் 47 என்ற ஊதா ஃபில்டர். விலை குறைவு, ஒளியும் தாராளம். பட்டைகள் மங்கலாகத்தான் வரும். ஒரு விஷயத்தில் மட்டும் கவனம்: இது அகச்சிவப்பையும் உள்ளே விடும். கேமராவுக்கு அது தெரியும் என்பதால் அகச்சிவப்பைத் தடுக்கும் இன்னொரு ஃபில்டர் கட்டாயம். புற ஊதா, அகச்சிவப்பு இரண்டையும் வெட்டும் வழக்கமான யுவி-ஐஆர் கட் ஃபில்டர் போட்டால் 400 நானோமீட்டருக்குக் கீழே உள்ள ஒளியும் போய்விடும். அகச்சிவப்பைத் தடுக்கும் பிஜி40 வகைக் கண்ணாடி ஃபில்டர் போட்டால் அந்த ஒளி ஓரளவு மிஞ்சும்.

அகச்சிவப்பில் பகல் பக்கம் சுமார்தான். காற்றுக் கலக்கம் குறைவாகத் தெரியும், பகல் வானமும் கறுத்துவிடும். இருந்தாலும் மேக விவரம் சொற்பம். அதன் அருமை இரவுப் பக்கத்தில்தான். மெல்லிய பிறையாக இருக்கும் நாட்களில் 1000 நானோமீட்டர் ஃபில்டர் போட்டால், சுமார் 460 டிகிரி செல்சியஸில் கனலும் தரையின் வெப்ப ஒளியே பதிவாகும்; உயரமான, சற்றுக் குளிர்ந்த நிலப்பகுதிகள் கருமையாகத் தெரியும். பிறையின் பளபளப்பை ஃபிரேமுக்கு வெளியே தள்ளி, வெளிப்பாட்டு நேரத்தைத் தாராளமாகக் கொடுங்கள். அப்போது வானமும் இருட்டியிருக்க வேண்டும், வெள்ளியோ அடிவானத்தில் இருக்கும். அதனால் இதை இரண்டாவது ஃபில்டராக வாங்குவதே சரி.