பாண்டியனக் கூண்டில ஏத்துறதா, கண்டி ராசாவ ஏத்துறதா? வகுப்பறை வழக்கு நடத்தப் போற டீச்சர்மாருக்கு

ரெண்டு மூணு டீச்சர்மார் கேட்டுட்டாங்க, "சேர், வகுப்பில கோர்ட் போட்டு வழக்கு நடத்துறீங்களாமே, எந்த வழக்கு எடுபடும், யாரக் கூண்டில ஏத்துற?" எண்டு. ஒவ்வொருத்தருக்கும் போன்ல சொல்லிச் சொல்லி வாய் நோகுது, அதான் ஒரேயடியா எழுதிப் போடுறன். நான் இப்ப மட்டக்களப்பு படுவான்கரைப் பக்கம் ஒரு ஸ்கூல்ல தமிழ் படிப்பிக்கிறன், அதுக்கு முதல் கல்முனைப் பக்கம் ஆறு வருசம், ஆள் இல்லாத நேரம் வரலாறும் என்ட தலைலதான் விழும். இது வரைக்கும் நடத்தினதில ஒண்டில மூக்குடைபட்டன், ஒண்ட அரைவாசில விட்டன், ரெண்டுதான் தேறிச்சிது.

முதல்ல ஒரு விசயம், "இதுக்குப் பட்டிமன்றமே போதுமே" எண்டு கேக்கிறவங்களுக்கு. பட்டிமன்றத்தில வாய் உள்ளவன் வெல்லுவான். ஆறு பேர் பேச மத்த முப்பது பேரும் கைதட்டிட்டு வீட்ட போவாங்க. வழக்கெண்டா அப்பிடியில்ல, ரெண்டு பக்கமும் சட்டத்தரணிமார், சாட்சிகள், பேர் கூப்பிட முதலியார், வாசல்ல நிக்கப் பொலிஸ், தீர்ப்புச் சொல்ல யூரி எண்டு இருபது பேருக்கு மேல வேலை இரிக்கு, மிச்சப் பேர பேப்பர் நிருபராக்கி அறிக்கை எழுதச் சொல்லலாம். அதவிடப் பெரிசு குறுக்கு விசாரணை. பாடத்த வாசிக்காம வந்தவன் ரெண்டாவது கேள்வியில மாட்டிருவான், நாம ஏசத் தேவையில்ல.

சரி, ஆர எடுக்கிற?

நம்மட பக்கத்தில இலக்கியம் எண்டா முதல்ல ஞாபகம் வாறது சிலம்பு வழக்குத்தான். மட்டக்களப்பில கண்ணகி அம்மன் சடங்குல படிக்கிற காவியத்துக்குப் பேரே வழக்குரை, அப்ப இதவிட என்ன வேணும் எண்டு நானும் பாண்டியன் நெடுஞ்செழியன எதிரியாக்கி, அதாவது குற்றம் சாட்டப்பட்ட ஆளாக்கி, கூண்டில ஏத்தினன். குற்றச்சாட்டு: விசாரிக்காம கோவலனக் கொல்ல வெச்சது. பத்து நிமிசம் போகல்ல, அரச தரப்புச் சட்டத்தரணியா நிண்ட புள்ள எழும்பி "யானோ அரசன் யானே கள்வன்" எண்ட வரிய வாசிச்சி, "கனம் நீதிபதி அவர்களே, எதிரி குத்தத்த ஒப்புக்கொண்டிட்டார், எங்கட தரப்பு முடிஞ்சிது" எண்டு இருந்திட்டாள். வகுப்பே சிரிக்குது, எனக்கு மிச்சம் முப்பது நிமிசத்த என்ன செய்றதெண்டு தெரியல்ல. மூக்குடைபட்டது இதுலதான். ஒப்புக்கொண்டு செத்தும் போன மனிசன வெச்சி வழக்கு நடத்தேலா.

அடுத்த வருசம் அதே கதைய எடுத்தன், ஆனா ராசாவ விட்டிட்டன். கூண்டில ஏத்தினது கோவலன வெட்டின காவலாளிய. இளங்கோ அந்த ஆளுக்குப் பேர் கூட வெக்கல்ல, கல்லாக் களிமகன், படிப்பில்லாத குடிகாரன், அவ்வளவுதான். ஆனா அவனச் சுத்தி எவ்வளவு சாட்சியம் இரிக்கெண்டு பாருங்க. வந்த காவலாளிகள் எல்லாரும் ஒரே மாதிரி இல்ல, இந்த ஆளப் பாத்தாக் கள்ளன் மாதிரி இல்லையே எண்டு தயங்கினவனும் அதுல இருந்தான். பொற்கொல்லன் விடல்ல, மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம் எண்டு கள்ளனுகள்ட எட்டு உபாயத்த அடுக்கி அவங்கட வாய அடைக்கிறான். அந்தப் பேச்சு நடந்து கொண்டிருக்கக்குள்ளதான் இவன் வாள வீசுறான். இப்ப சொல்லுங்க, குத்தவாளி ஆரு? உத்தரவு போட்டவனா, பொய் சொல்லித் தூண்டினவனா, வெட்டினவனா, தயங்கிட்டுப் பேசாம நிண்டவனா?

உத்தரவுக்குள்ளயே ஒரு சொல் இரிக்கு, அதக் கண்டுபிடிச்சது நான் இல்ல, தரம் 10 படிச்ச ஒரு பொடியன். ராசா சொன்னது சிலம்பு "கள்வன் கையது ஆகில்" கொன்று கொண்டு வாங்க எண்டு. எதிரிதரப்புல நிண்ட இவன் அந்த "ஆகில்" எண்டத கரும்பலகையில பெரிசா எழுதிட்டுக் கேக்கிறான், "ஆகில் எண்டா இருந்தால். இருந்தால் எண்டாப் பாக்கணும். பாக்க வேண்டிய வேலை ஆருக்கு? படிப்பில்லாத என்ட கட்சிக்காரனுக்கா, சிலம்ப முன்னப் பின்ன தெரிஞ்ச பொற்கொல்லனுக்கா?" உடனே மத்தப் பக்கத்துப் புள்ள எழும்பி, "பாக்கத் தெரியாட்டித் தெரியாதெண்டு வாள உறைக்குள்ள வெச்சிருக்கலாமே, பக்கத்தில நிண்டவன் வெச்சானே" எண்டாள். அந்த நேரத்துக்கு நான் வகுப்பில இல்லாட்டியும் வழக்கு நடந்திருக்கும். குடிவெறி சாட்டாகுமா எண்டு பெரிய சண்டை வந்தது, தானா விரும்பிக் குடிச்சிட்டு வந்து செய்தாச் சட்டத்தில அது தப்ப வழியில்ல எண்டத மட்டும் நான் சொல்லிக் குடுத்தன். எங்கட தண்டனைச் சட்டக்கோவை 1883ல வந்தது, கொலைக்கு 296ம் பிரிவு, அந்த நம்பரப் போட்டுக் குற்றப்பத்திரிகை எழுதினதுல புள்ளைகளுக்கு ஒரே பெருமை.

சான்றுப் பொருளும் இந்த வழக்குல கையில புடிக்கலாம். மெல்லிசு பிளாஸ்ரிக் குழாய சூடு காட்டி வளைச்சி ரெண்டு சிலம்பு செய்தம், ஒண்டுக்குள்ள குண்டுமணி, மத்ததுக்குள்ள சவ்வரிசி. கண்ணகிட சிலம்பில மாணிக்கம், கோப்பெருந்தேவிட சிலம்பில முத்து எண்டுதானே கதை. முதலியார் ரெண்டையும் யூரிட காதுக்குப் பக்கத்தில ஆட்டிக் காட்டினார், சத்தம் வேற வேற. "இத அண்டைக்கு ஒருக்கா ஆட்டிப் பாத்திருந்தா ஒரு ஆள் செத்திருக்க மாட்டான்" எண்டு ஒரு யூரர் தன்ட பாட்டுக்குச் சொல்லிட்டான், யூரர் பேசப்படாதெண்டு நீதிபதி அவனுக்கு ஏசினாள்.

இதே கதைல கண்ணகிய மதுரைய எரிச்சதுக்கு கூண்டில ஏத்தினா என்ன எண்டும் கேப்பாங்க. வழக்கா யோசிச்சா அருமையான வழக்கு, பார்ப்பார், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், மூத்தோர், குழவி எல்லாரையும் விட்டிரு எண்டு நெருப்புக்கே நிபந்தனை போட்டவ. எதிரிதரப்புக்கு அந்த ஒரு வரி போதும். ஆனா நம்மட ஊருக்கு ஒத்து வராது. வைகாசில கண்ணகி அம்மன் குளுத்திச் சடங்குக்கு நேர்த்தி வெச்சிட்டுப் போற அம்மம்மாட பேத்தி, "எதிரி கண்ணகி" எண்டு கொப்பில எழுதிட்டு வீட்ட போனா என்ன நடக்கும்? பாடம் வேற கோயில் வேற எண்டு வகுப்புக்குச் சொல்லலாம், அம்மம்மாவுக்குச் சொல்லேலா. மறுகா இன்னொண்டு, புள்ளைகள் கோயில்ல கேட்ட கதையும் இளங்கோட கதையும் ஒண்டில்ல, எந்த ஏட்ட வெச்சி நடத்துறம் எண்டத முதல் நாளே சொல்லிப் போடுங்க, இல்லாட்டிச் சாட்சி ஒரு கதை சொல்லுவான் சட்டத்தரணி ஒரு கதை கேப்பான்.

வாலி வழக்குத்தான் நான் அரைவாசில விட்டது. மறைஞ்சி நிண்டு அம்பு விட்டது சரியா பிழையா எண்டு பட்டிமன்றக்காரங்க காலங்காலமாப் பேசிட்டாங்க, அதுலயே பாதி ருசி போயிட்டு. கம்பன் வேற வழக்க முழுசா அவரே நடத்தி முடிச்சிட்டார், வாலி கேள்வி கேக்கிறான், வாலி தம்பிட மனிசியக் கவர்ந்த கதைய ராமன் சொல்லுறார், ஏன் ஒளிச்சி நிண்ட எண்ட கேள்விக்கு மட்டும் லட்சுமணன் பதில் சொல்லுறார், உன்ட தம்பி முதல்ல சரண் புகுந்திட்டான், முன்னுக்கு வந்தா நீயும் அடைக்கலம் கேப்பாய் எண்டுதான் எண்டு. என்ட வகுப்புப் பொடியன் ஒருத்தன், "சேர், எதிரி வாயே திறக்கல்ல, தம்பிதான் சட்டத்தரணி" எண்டான், நல்ல பகிடி. ஆனா கடைசில வாலியே ராமனக் கும்பிட்டுட்டுப் போறார், முறைப்பாட்டுக்காரரே கேஸ வாபஸ் வாங்கின மாதிரி. அதுக்குள்ள ஒரு தகப்பன் வந்து சாமியக் கூண்டில ஏத்துறீங்களோ எண்டு கேட்டார், சண்டைக்கு வரல்ல, மனவருத்தமாத்தான் கேட்டார், நான் அதோட விட்டிட்டன். எடுக்கிறதெண்டா சுக்கிரீவன ஏத்துங்க, ராமன் பக்கம் போகாதீங்க.

இனி வரலாறு. இலக்கிய வழக்குல ஏட்டில உள்ளதுதான் சாட்சியம், அதுக்கு வெளிய ஒண்டும் இல்ல, ரெண்டு பக்கமும் அதே பக்கங்கள வாசிச்சா முடிஞ்சிது. வரலாற்று வழக்குல அந்த வசதி இல்ல, ஆவணத்த எழுதினவன் ஆரு எண்டு கேக்கத் தொடங்கினா ஆவணமே கூண்டில ஏறும். அதுதான் அதுட கஷ்டமும் ருசியும்.

நான் எடுத்தது ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், கண்டிட கடைசி ராசா, கண்ணுசாமி எண்ட நாயக்கர் வம்சத்துப் பொடியன், 1798ல சிம்மாசனம் ஏறினவர். 1814ல ராசாட பிரதானி எகலப்பொல வெள்ளைக்காரன்ட பக்கம் போனாப் பிறகு எகலப்பொலட குடும்பத்த, சின்னப் புள்ளைகளையும் சேத்துக் கொல்ல வெச்சது குற்றச்சாட்டு. 1815 மார்ச் 2ல வெள்ளைக்காரனுக்கும் கண்டிப் பிரதானிமாருக்கும் இடையில கையெழுத்தான கண்டி ஒப்பந்தத்திட முதல் பிரிவ வாசிச்சிப் பாத்தா, மலபார் ராசா, அதாவது இவர், விசாரணை இல்லாம ஆக்களக் கொன்றார் எண்டுதான் குத்தம் சுமத்துது. இதத்தான் அரச தரப்பு பெரிய சான்றா வெச்சிது. எதிரிதரப்பு ஒரு கேள்விதான் கேட்டது: "அப்ப இவருக்கு எந்தக் கோர்ட்ல விசாரணை நடந்தது?" நடக்கல்ல. புடிச்சி, 1816ல வேலூருக்கு அனுப்பி, அங்கயே 1832ல செத்தார். வழக்குப் போட்டவனே நாட்டப் புடிச்சவன் எண்டா அவன்ட சாட்சி செல்லுமா எண்டு ஒரு புள்ள கேட்டாள். அந்தக் கேள்விக்காகவே மூணு கிழமை செலவழிச்சது தகும்.

ஓம், மூணு கிழமை. சிலம்பு வழக்குக்கு நாலு பீரியட் போதும், இதுக்கு ஆவணம் தேடி, மொழிபெயர்த்து, போட்டோக் கொப்பி அடிச்சி, சிலபஸ் பின்னுக்குப் போய் அதிபரிட்ட ஏச்சும் வாங்கி எண்டு மூணு கிழமை. இன்னொரு ஆபத்து, ரெண்டாம் நாளே வகுப்பு "நம்மட ராசா, அவங்கட பிரதானி" எண்டு கிரிக்கெட் மெச் மாதிரிப் பிரிஞ்சிட்டு. மட்டக்களப்புக்கும் அந்தச் சிம்மாசனத்துக்கும் உள்ள உறவு அவ்வளவு நேரானது இல்ல எண்டு சொன்னாலும் ஆரு கேக்கிற. நான் என்ன செய்தனெண்டா ஒரே ராவுல பக்கத்த மாத்தி விட்டன், ராசாக்காகப் பேசினவங்க அடுத்த நாள் எதிராப் பேசணும். முகம் போன போக்கப் பாத்திருக்கணும்.

ராசாவ விடக் கெப்பெட்டிபொல நல்ல வழக்கு எண்டு இப்ப படுது. வெள்ளைக்காரனுக்குக் கீழ ஊவாப் பகுதிட திசாவையா, அதாவது அந்தப் பகுதிப் பெரிய அதிகாரியா இருந்து, வெள்ளைக்காரனுக்கு எதிரான கலகத்த அடக்க அனுப்பினாப் பிறகு கலகக்காரரோடயே சேந்தவர். 1818ல உண்மையாவே இராணுவ நீதிமன்றத்தில விசாரிச்சி நவம்பர் 26ல கழுத்த வெட்டினாங்க, மண்டையோட்டக் கொண்டு போய் எடின்பரோவில வெச்சிருந்து கன காலத்துக்குப் பிறகுதான் திருப்பிக் குடுத்தாங்க. வெள்ளைக்காரன்ட பதவியில இருந்திட்டு மாறினா அது துரோகமா, அந்த ஆட்சியே செல்லாதெண்டா விசுவாசம் எங்கால? நடந்த தீர்ப்பு தெரியுமெண்டதால புள்ளைகள் அப்பீல் கோர்ட்டா இருந்து பாக்கலாம். இன்னும் நடத்தல்ல, அடுத்த தவணைக்கு வெச்சிருக்கன்.

சோக்கிரட்டீஸ் எல்லாரும் சொல்லுற வழக்கு. கி.மு. 399, ஏதென்ஸ், சுமார் 500 யூரர், முதல்ல குத்தவாளியா இல்லையா எண்டு ஒரு வோட், மறுகா என்ன தண்டனை எண்டு இன்னொரு வோட், தண்டனையா எனக்கு அரச செலவில சாப்பாடு போடுங்க எண்டு கேட்ட மனிசன். உயர்தரப் புள்ளைகளுக்கு ஓகே. தரம் 10க்குப் பேர் வாயில நுழையவே ரெண்டு பீரியட் போயிரும்.

நீதிபதியா யூரியா எண்ட கேள்விக்கு நான் யூரிப் பக்கம். எங்கட மேல் நீதிமன்றத்தில யூரி எண்டா ஏழு பேர், ஏகமனதா இல்லாட்டி அஞ்சுக்கு ரெண்டாவது வேணும், அதயே வகுப்பிலயும் வெச்சிட்டன். ஒரு புள்ளைய நீதிபதியாக்கித் தீர்ப்பும் அவள்ட கையில குடுத்தா அவள்ட சிநேகிதக் கூட்டம் வெல்லும். டீச்சர் நீதிபதியா இருந்தா இன்னும் மோசம், எல்லாரும் உங்கட முகத்தப் பாத்துத்தான் பேசுவாங்க. நீங்க கடைசி வரிசை வாங்கில இருங்க.

வசனம் எழுதிக் குடுக்கிறதா எண்டா, முதல் தரம் செய்றவங்க சாட்சிட முதல் வாக்குமூலத்த மட்டும் எழுதிக் குடுங்க, குறுக்கு விசாரணைய எழுதாதீங்க. பரிசளிப்பு விழாக்கு மேடையேத்தப் போறீங்களெண்டா முழுசா எழுதிப் பழக்கலாம், ஆனா அது நாடகம், அதுக்குக் கூத்தே போட்டிருக்கலாம், வடமோடி ஆட்டத்தோட இன்னும் வடிவா இரிக்கும்.

ஆக முதல் தரம் நடத்துறவங்க காவலாளிட வழக்க எடுங்க, ரெண்டாவது தரம் கண்டிக்குப் போங்க. எதுல எண்டாலும் பெரிய ஆள விட்டுச் சின்ன ஆளக் கூண்டில ஏத்துங்க, பெரிய ஆளுக்குப் புள்ளைகள் வீட்டிலயே தீர்ப்பு எழுதிட்டு வருவாங்க. அந்தக் காவலாளி வழக்குல என்ட யூரி நாலுக்கு மூணா நிண்டிட்டு, அஞ்சு வரல்ல, சட்டப்படி தீர்ப்பே இல்ல. மறுவிசாரணை கேட்டு எதிரிதரப்பு எழுதின பெட்டிசத்தில ரெண்டு எழுத்துப் பிழை இருந்தது, திருத்திக் கொண்டு வாங்க எண்டு அனுப்பினன், வெள்ளிக்கிழமை ரெண்டாவது பீரியட்டுக்குத் திகதி குடுத்திருக்கன்.