பைதான்ல ஃபைல் பாத் ஃபங்ஷன்ஸ், அதோட டாக்ஸ்: பல வருஷம் பொழங்கின அனுபவம்

மொதல்லயே சொல்லிருதேன், பைதான்ங்கற ப்ரோகிராமிங் மொழியில ஃபைல் பேரக் கையாளுற ஃபங்ஷன் எதுலயும் எனக்குப் பெருசா கொற கெடையாது, ஆனா அதோட டாக்ஸ (விளக்கப் பக்கங்கள) அடி வரைக்கும் படிக்கப் பொறுமை வேணும். நாகர்கோவில்ல இருந்துக்கிட்டு சுத்துவட்டாரக் கடைகளுக்கு பில்லிங், பேக்கப்னு ஸ்கிரிப்ட் எழுதிக் குடுக்குறதுதான் நம்ம பொழப்பு, அதனால பாத்தக் (ஃபைல் இருக்குற எடத்தக் காட்டுற பேர) கையாளுற பைதான் மாட்யூல் ஓஎஸ்.பாத், பாத்லிப் ரெண்டும் தெனமும் கையில.

ஓஎஸ்.பாத்ல உள்ள ஜாயின்ல ஆரம்பிக்கேன். பேரப் பாத்தா ரெண்டு பாத்த ஒட்டும்னுதான் தோணும். ஆனா ரெண்டாவதா வர்றது ஆப்சல்யூட் பாத், அதாவது அடியில இருந்து தொடங்குற முழு பாத்னா முன்னாடி குடுத்தத அப்படியே தூக்கிப் போட்டுரும், எரரும் இல்ல வார்னிங்கும் இல்ல. குலசேகரத்துல ஒரு ரப்பர் ஷீட் கடையில பேக்கப் ஃபோல்டர் பேர அவியளே டைப் பண்ணிக்கிடலாம்னு விட்டிருந்தேன், அங்க சிஸ்டம் பாக்குற தம்பி முன்னால ஒரு பேக்ஸ்லாஷ் சேத்து '\ஜூன்'னு அடிச்சிருக்கான். டி:\பில்\ஜூன்ல விழ வேண்டிய பிடிஎஃப் பூரா டி:\ஜூன்ல கெடக்கு, அண்ணாச்சி போன்ல "பில்லு ஒண்ணையும் காணல்லியே தம்பி"ங்காவ. விண்டோஸ்ல இப்படி பேக்ஸ்லாஷ்ல தொடங்குற பாத் வந்தா டிரைவ் எழுத்து மட்டும் தங்கும், ஃபோல்டர் போயிரும். வேற டிரைவ் பேரோட வந்தா பழைய டிரைவும் போச்சு. இதெல்லாம் டாக்ஸ்ல இருக்கு. 'சி:'யோட 'ஃபூ'வ ஒட்டினா 'சி:ஃபூ'தான் வரும், 'சி:\ஃபூ' வராதுங்கறது வரைக்கும் எழுதியிருக்காவ. மொத வரியோட மூடிட்டுப் போறவனுக்குத்தான் ஒண்ணும் தெரியாது.

இதே ஜாயின் நோட் ஜேஎஸ்ல (ஜாவாஸ்கிரிப்ட ஓட்டுறது) வேற மாதிரி. '/அ', '/ஆ' குடுத்தா '/அ/ஆ'ன்னு ஒட்டிரும், மொதல்ல உள்ளத தூக்கிப்போடணும்னா அங்க ரிசால்வ். பைதான் பாத்லிப்லயும் ரிசால்வ்னு ஒண்ணு இருக்கு, அதோட வேலையே வேற. என்னத்தச் சொல்ல.

ரிலேட்டிவ் பாத்னா (முழுசா இல்லாம வேற ஒரு எடத்துல இருந்து பாக்குறது) எதுக்கு ரிலேட்டிவ்ங்கறதத்தான் டாக்ஸ்ல நான் மொதல்ல தேடுவேன். ஸ்கிரிப்ட் இருக்குற ஃபோல்டருக்கு இல்ல, ப்ராசஸோட கரண்ட் டைரக்டரிக்கு, அதாவது ஓடுற ப்ரோகிராம் அப்ப நிக்குற ஃபோல்டருக்கு. கையால ஓட்டும்போது பெரும்பாலும் ரெண்டும் ஒண்ணா இருக்குறதால வித்தியாசமே தெரியாது, விண்டோஸோட டாஸ்க் ஷெட்யூலர்ல (நேரம் வச்சு தானா ஓட்டுறது) போட்டு 'ஸ்டார்ட் இன்' கட்டத்த காலியா விட்டுட்டா விண்டோஸோட சிஸ்டம்32 ஃபோல்டர்ல போயித் தேடிட்டு நிக்கும். சரி எல்லாத்தையும் ஆப்சல்யூட்டா குடுப்போம்னா, நேத்து ஈ:யா இருந்த பென்டிரைவ் இன்னிக்கு எஃப்:ங்கும், அதுலயும் மழைக்காலத்துல கரண்ட் போயிப்போயி வரும்போது (நமக்குத்தான் ரெண்டு மழையும் உண்டே) பிடுங்கிப் பிடுங்கிச் சொருகுவாவ. ஸ்கிரிப்டும் பேக்கப்பும் ஒரே பென்டிரைவ்ல வச்சு, __ஃபைல்__-ல (ஸ்கிரிப்டோட சொந்த பாத்) இருந்து ஃபோல்டரக் கண்டுபிடிச்சு கட்டினதுதான் நெலச்சு நிக்கி.

டாக்ஸ்னு பாத்தா என் ஓட்டு ஈமாக்ஸ்ங்கற எடிட்டருக்கு. பாத்த முழுசாக்குற எக்ஸ்பாண்ட்-ஃபைல்-நேம் ஃபங்ஷனுக்கான பக்கத்துல, ரெண்டாவது ஆர்குமெண்ட் இல்லன்னா அந்த பஃபரோட (தொறந்திருக்குற பக்கத்தோட) டீஃபால்ட்-டைரக்டரிய எடுக்கும், என்விரான்மெண்ட் வேரியபிள (சிஸ்டம்ல வச்சிருக்குற மதிப்ப) விரிக்காது, சிம்லிங்க் (வேற எடத்தக் காட்டுற லிங்க்) பின்னால போகாதுன்னு எல்லாம் ஒரே எடத்துல இருக்கு. '/கடை/பில்'ங்கறது '/பழசு/2019'க்குப் போற லிங்க்னு வைங்க, '/கடை/பில்/..' குடுத்தா இது எழுத்த மட்டும் பாத்து '/கடை'ன்னு சொல்லும், ஈமாக்ஸோட இன்னொரு ஃபங்ஷன் ஃபைல்-ட்ரூநேம் டிஸ்க்கப் பாத்து '/பழசு'ன்னு சொல்லும். பைதான்லயும் ஆப்ஸ்பாத்துக்கும் ரியல்பாத்துக்கும் இதே வித்தியாசம்தான், ஆனா லிங்க் இருந்தா அர்த்தம் மாறலாம்ங்கற எச்சரிக்க, பாத்த எழுத்தா மட்டும் பாத்து சுருக்குற நார்ம்பாத் கீழ ஒளிஞ்சு கெடக்கு. பாத்லிப்ல ஆப்சல்யூட்ங்கற மெத்தட் கோடுல இருந்தும் பல வருஷம் டாக்ஸ்லயே இல்லாம இருந்துச்சு, எனக்கு இன்னும் அதுல கடுப்பு உண்டு.

சின்னதா ரெண்டு: ரிலேட்டிவ் பாத்த கணக்குப் போடுற ரெல்பாத்துக்கு விண்டோஸ்ல வேற வேற டிரைவ் குடுத்தா வேல்யூ எரர் வரும், அதப் புடிச்சு வைங்க. ஆப்சல்யூட்டான்னு பாக்குற ஐஎஸ்ஆப்ஸ் விண்டோஸ்ல ஒத்த ஸ்லாஷ்ல தொடங்குற பாத்த ஆப்சல்யூட்னு சொல்லிட்டிருந்தது, பைதான் 3.13-ல இருந்து இல்லன்னு சொல்லும், பழைய செக்கிங் வச்சிருந்தா ஒருக்கா பாத்துக்கிடுங்க.

புதுசா படிக்குற பிள்ளைங்க பாத்லிப்லயே ஆரம்பிக்கலாம், 2014-ல பைதான் 3.4-ஓட வந்தது, ஸ்லாஷ் போட்டே ஒட்டலாம், படிக்கவும் சொகம். ஆனா ரெண்டாவது ஆப்சல்யூட்டா வந்தா மொதல்ல உள்ளது போயிருங்கறது அதுலயும் அப்படியேதான், யூசர் டைப் பண்ணுற பேர ஒட்டுறதுக்கு முன்னால செக் பண்ணிருங்க.